கிளையில் இரண்டாவது துண்டு

அன்று அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். வரதன் மகன் ஆனந்தனாகிய நான். என் தம்பி மகன் ஜெரோம். அவன் மனைவி ஷாரோன். என் தங்கை மகன் கலைவாணன். ஐந்தாவதாக ஒருவர் இருந்தாரா என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டே பழகியவன். இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

முதலில் எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் ஒரு சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. ‘போதும்’ என்ற சொல். பந்தியில்கூடச் சொல்லமாட்டோம். சோறு வேண்டாமென்றால் இலைக்கு மேலே கையை நீட்டி, “நிறைஞ்சுது” என்போம். வீட்டுக்கு வரும் மருமகள்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிவிடுவோம்.

காரணம் என் அப்பா. அவர் காலத்தில் செய்யூருக்குக் கிழக்கே கடலோர ஊர்களில் மணலில் குத்துச்சண்டை நடக்கும். கையுறை கிடையாது. எடைப் பிரிவு கிடையாது. மணி அடித்து ஓய்வு கொடுக்கும் வழக்கமும் கிடையாது. சவால் விடுகிறவன் தன் துண்டை ஒரு மரக்கிளையில் போடுவான். ஏற்கிறவன் அதன்மேல் தன் துண்டைப் போடுவான். இருவரில் ஒருவர் வாய்விட்டு ‘போதும்’ என்று சொன்னால்தான் ஆட்டம் முடியும். அப்பா ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கூலிக்குக் கதிர் அறுத்த ஜனம் நாங்கள். எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. இந்த ஒரு பெயர்தான் இருந்தது.

அவருடைய கடைசி ஆட்டம் கருப்பன் என்பவரோடு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் நடந்தது. நடுவில் புயல்மழை பிடித்துக்கொண்டது. வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்து ஓடிவிட்டார்கள். கருப்பன் ஊரைவிட்டே போய்விட்டான் என்று அப்பா சொன்னார். வெற்றி நமக்கு என்று கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

ஜெரோமும் குத்துச்சண்டைக்காரன்தான். ஹெவிவெயிட். ஆறடி மூன்றங்குலம், நூற்றிரண்டு கிலோ. மாநிலத் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. மணலில் பயிற்சி செய்தால் கால் உறுதிப்படும் என்றான். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும், தாத்தா நின்ற தோப்புக்கே அவனைக் கூட்டிப்போனேன். இலையும் பிரியாணியும் எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம்.

பேச்சைத் தொடங்கியது கலைவாணன்.

“இன்னா மச்சான், தாத்தா காலத்துல நீ பொறந்திருந்தா தேறி இருப்பியா?”

“அந்த ஆளுங்கல்லாம் அறுவது கிலோடா. கூழு குடிச்சிகினு வந்து ஆடுனவங்க. என் லெஃப்ட் ஒண்ணு பட்டுதுன்னு வெச்சிக்க, சவுக்கு மரத்துல போஸ்டர் மாதிரி ஒட்டிகினு இருப்பாங்க.”

“அப்போ ரவுண்டே கெடையாது. மூணு நிமிசத்துக்கு ஒருதபா ஸ்டூலு போட்டு, மூஞ்சி தொடச்சி, தண்ணி குடுக்க ஆளு கெடையாது. உனுக்குத் தாங்குமா?”

“வூட்ல ஒரு சிலிண்டர் மாத்துனாலே ஸ்டூலு கேக்குறாரு,” என்றாள் ஷாரோன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “எடையில இன்னாடா கீது? அவங்க நின்னாங்க. அதான் பேச்சு,” என்றேன்.

“கோச்சுக்காதீங்க பெரிப்பா. கேட்டே பாத்துடலாம்.” ஜெரோம் எழுந்து தன் நீலத் துண்டை ஒரு கிளையில் வீசினான். “பழைய ஆளுங்களே! எவனாவது மிச்சம் இருந்தா வாங்கடா!”

கலைவாணனும் ஷாரோனும் சிரித்தார்கள். அப்போதுதான் காற்று நின்றது. சவுக்குத் தோப்பு ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சல் அறுந்ததுபோல் நின்றது. கடல் சத்தமும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. மற்றவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இலை போட்டோம். ஜெரோம் மட்டும் பயிற்சிக்குப் பிறகு சாப்பிடுகிறேன் என்றான். ஷாரோன் இரண்டாம் முறை பரிமாற வந்தபோது கலைவாணன் “போ...” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்து, கையை நீட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கை துடைக்கக் கிளைப் பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“மாமா... இது யாரோடது?”

ஜெரோமின் துண்டின்மேல் இன்னொரு துண்டு கிடந்தது. சாயம் போன சிவப்பு. நனைந்திருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்ணுக்கெட்டிய வரை யாரும் இல்லை. மணலில் எங்கள் நான்கு பேர் கால்தடங்கள் மட்டுமே இருந்தன.

“எவனாவது மீனுக்குப் போறவன் போட்டிருப்பான், வுடு,” என்றான் ஜெரோம். கையுறையை மாட்டிக்கொண்டான். கைப்பேசியில் மூன்று நிமிட மணியை வைத்தான். எதிரே ஆள் இருப்பதாக நினைத்துக் காற்றில் குத்தும் பயிற்சியைத் தொடங்கினான். என் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம். உச்சி வெயில். அவன் நிழல் அவன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

நன்றாகத்தான் ஆடினான். பார்க்க அழகாக இருந்தது.

தப்...

ஈரத்துணியைக் கல்லில் அடித்ததுபோல் ஒரு சத்தம். ஜெரோமின் தலை பின்னால் போனது.

“இன்னாது...” என்று சுற்றிலும் பார்த்தான்.

தப்...

வலது விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவனுக்கு எதிரே மணல் அழுந்தியது. முதலில் ஒரு பாதம். பிறகு இன்னொன்று. வெறுங்கால். பக்கவாட்டில் நகர்ந்தது. அந்தத் தடங்களுக்கு மேலே... யாருமில்லை. ஒல்லியான ஒரு நிழல் மட்டும் இருந்தது.

அவன் திருப்பி அடித்தான். மரத்தைச் சாய்க்கும் கை அது. காற்றில்தான் போனது.

மூச்சு வாங்கியது. கைப்பேசியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மணி அடிக்கவில்லை.

கலைவாணன் அதை எடுத்துப் பார்த்தான். “மாமா... மூணு நிமிசம் அப்டியே நிக்கிது. ஓடவே இல்ல.”

என் கடிகாரம் ஓடியது. பன்னிரண்டு இருபது...

ஜெரோமைப் பிடிக்கப் போன கலைவாணனுக்குக் கால் எழவில்லை. எனக்கும் எழவில்லை.

என் அப்பாதான் என்று நினைத்தேன். வாய்த் துடுக்குக்குப் பேரனைத் தண்டிக்கிறார் என்று நினைத்தேன். “நைனா, புள்ளைய வுட்டுடு,” என்றேன்.

தப்...

ஜெரோம் முழங்காலிட்டான். எழுந்தான். வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான்.

மூடிக்கொண்டான்.

“மாமா!” ஷாரோன் அலறினாள். “உங்க மூஞ்சியத்தான் பாக்குறாரு! அந்த வார்த்தைய சொல்லச் சொல்லுங்க மாமா!”

நான் நிமிர்ந்து நின்றிருந்தேன்.

தப்...

ரத்தம் மணலில் விழுந்தது.

மறுபடி எழுந்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

தப்...

“செத்துடுவாரு மாமா!”

தப்...

“போதும்.”

காற்று திரும்பி வந்தது. தோப்பு இரைந்தது. கைப்பேசி மணி அடித்தது. கிளையில் நீலத் துண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஜெரோம் பிழைத்தான். மூன்று விலா எலும்பு முறிவு. அந்த வருடத் தேர்வு போயிற்று.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவன் சட்டையைக் கழற்றிய டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். “யாரு சார் வெறுங்கையால அடிச்சது? விரல் முட்டி பதிஞ்சிருக்கு பாருங்க. எல்லாம் இடது கை அடி. ஒவ்வொரு அடியிலயும் மூணு முட்டிதான் இருக்கு.”

பார்த்தேன். மூன்றுதான்.

என் அப்பாவைப் பெட்டியில் கிடத்தியபோது அவர் கைகளைச் சேர்த்து ஜெபமாலை சுற்றியவன் நான். அவருக்குப் பத்து விரலும் இருந்தன.

மறுவாரம் விசாரித்துக்கொண்டு செய்யூர் போனேன். கருப்பனின் தங்கை செங்கம்மாள் உயிரோடு இருந்தார். தொண்ணூறு வயது. கண் தெரியாது. பேச்சு தெளிவு.

“எங்கண்ணனுக்கா? இடது கையில சுண்டு விரலு கெடையாதுபா. கதிர் அறுக்கச்சொல்ல அரிவா பட்டு முட்டியோட போச்சு.”

“ஊரை வுட்டு எங்க போனாரும்மா?”

“ஊரை வுட்டா? யார்ரா சொன்னது?” முகத்தை என் பக்கம் திருப்பினார். “செவப்புத் துண்ட தோள்ல போட்டுகினு ஆட்டத்துக்குப் போனவரு. அந்தத் தோப்ப வுட்டு அவரு வெளியவே வர்லியே.”

என் அப்பா எனக்குச் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. வரதன் வீட்டுப் பேரன், நூற்றிரண்டு கிலோ ஆள், ஒரு நிழலுக்குப் பயந்து ‘போதும்’ என்று சொல்லிவிட்டானாம். அது தவறு. ஜெரோம் சொல்லவில்லை. கடைசிவரை அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை.

சொன்னது நான்.