ஏரோப்ளேனுக்காகப் பாதியில் நின்ற கோபுரம்

இன்று காலை இண்டூர் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர் செல்போனை என் பக்கம் நீட்டினார்.

"சின்ன ஊர் ஏர்போர்ட்டுக்கெல்லாம் கவர்மெண்டு பணம் ஒதுக்குதாம்ங்க. நம்ம பக்கமும் வந்துடும், பாருங்க."

ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஊர் மாதா கோயில் தெரிந்தது. அதன் கோபுரம் பாதியில் நிற்கும்.

எழுபதுகளில் அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். ஊருக்கு வெளியே மேட்டுக்காட்டில் விமான நிலையம் வரப்போகிறது என்றார்.

"ஏரோப்ளேன் தாழ்வா வருங்க. கோபுரத்தை இத்தோட நிறுத்திக்குங்க."

அப்பாதான் கொத்தனார். அன்றைக்கே சாரத்தைப் பிரித்துவிட்டார். யாருக்கும் வருத்தமில்லை. நல்லம்பள்ளிச் சொந்தக்காரர்களிடம் பெருமையடித்துக்கொண்டோம். கோபுரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த மணியைப் புளியமரத்தில் கட்டினோம். மிச்சமிருந்த செங்கல்லில், விமானத்துக்குக் காத்திருப்பவர்கள் உட்கார மேட்டுக்காட்டில் ஓர் அறை கட்டினோம். அதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

பிறகு எந்த ஜீப்பும் வரவில்லை. அப்பா கலெக்டர் ஆபீசுக்கே போய் விசாரித்தார்.

"அப்படி ஒரு திட்டமே இல்லீங்களே. யார் சொன்னது உங்களுக்கு?"

அப்பா அதற்குப் பிறகு கோபுரத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. மணி இன்றும் புளியமரத்தில்தான் தொங்குகிறது.

பஸ் திரும்பியதும் கோயிலுக்குப் பின்னால் செல்போன் டவர் தெரிந்தது. கோபுரத்தைவிட மூன்று மடங்கு உயரம். பக்கத்து சீட்டுக்காரர் படித்த செய்தியே அதன் வழியாகத்தான் வந்திருக்கும்.

அதை நட்டபோது, ஏரோப்ளேன் தாழ்வாக வரும் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. உங்கள் ஊருக்கு வந்தார்களா?