மரத்துக்குப் போகாத செயின்

மரம் அறுக்கிற தொழிலில் பாதி மரத்தடி மூட்டில் நடக்கும். மீதி எங்கள் அடுக்களைக்குப் பின்னால் நடக்கும். இப்போதும் அதுதான் நடக்கிறது. எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு பெட்ரோல் மிஷினும் இரண்டு செயினும் உண்டு. ஒரு செயின் அவர்கூட ரப்பர் தோட்டத்துக்குப் போயிருக்கிறது. மற்றதைப் பிடிமானத்தில் மாட்டி, உருண்டை அரத்தால் பல்லுக்குப் பல் ராவிக்கொண்டிருக்கிறேன். நாலைந்து பல் ராவினால் ஒரு வரி எழுதுவேன். தாளில் கறுப்பாய்ப் பட்டிருப்பது எண்ணெய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். முற்றத்தில் ஆம்பிளைகள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிற சுபாவம். ஆனால் உங்கள் வீட்டிலும் மிஷின் பிடிக்கிற ஆள் உண்டு என்றால் சொல்லாமலே தெரியும். பல் மழுங்கினால் ஆள் பலம் போட்டு அமுக்குவார். அமுக்கினால் மிஷின் துள்ளும். துள்ளினால் அது கை என்றும் முகம் என்றும் பார்க்காது. காலையில் போன ஆள் போனபடியே திரும்பணும், அவ்வளவுதான். அந்தப் பயத்தில் படித்த வேலையாக்கும் இது.

பால்குப்பி

இந்த மிஷினுக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. லிட்டருக்கு இத்தனை மில்லி என்று ஆயில் கலக்கணும். எங்கள் வீட்டுக்காரர் கண்ணளவில்தான் ஊற்றுவார். ஒரு தடவை ஆயில் குறைந்துபோய், உள்ளே பிஸ்டன் உரசிப் பிடித்துக்கொண்டது. மிஷின் மார்த்தாண்டத்து ரிப்பேர்க் கடையில் கிடந்த நாளெல்லாம் அவர் வீட்டில் கிடந்தார். கடைக்காரர் அதைப் பிரித்துக் காட்டியபோது நானும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் மகள் குடித்து நிறுத்தின பழைய பால்குப்பியைத் தேடி எடுத்தேன். அதில் மில்லிக்குக் கோடு போட்டிருக்கிறதே. இனி அது மிஷினுக்குத்தான் என்று தெரிய, கழுத்தில் சிவப்புத் துணி கெட்டி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டேன்.

தாசண்ணன் என்று ஒருவர், எங்கள் வீட்டுக்காரரைவிட மூத்தவர், சொந்த மிஷினோடு அவர்கூடவே வேலைக்குப் போவார். மறுநாள் காலையில் அவர் கூப்பிட வந்தபோது, நான் குப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் கோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மக்கா, மாத்திக் கீத்திக் குடுத்திராத. பிள்ள இருமினா பக்கத்தில ஆசுத்திரி உண்டு, மிஷின் இருமினா மார்த்தாண்டம் போணும்.”

மார்கழி எண்ணெய்

செயின் ஓடுகிற நீளத் தகட்டை ‘பார்’ என்பார்கள். அதற்குத் தனி எண்ணெய் உண்டு. தாசண்ணன் அதை வாங்கமாட்டார். வீட்டில் ஆட்டின தேங்காயெண்ணெயையே ஊற்றுவார். அவர் மரம் அறுக்கிற இடத்தில் பப்படம் பொரிக்கிற வாசம் வரும் என்று எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார். வெயில் காலத்தில் அது எப்படியோ ஓடிவிட்டது. மார்கழியில், மலையடிவாரத்தில் விடியக்காலை வேலை. பார் புகைந்து நீலம் பாரித்துப்போச்சு என்று மிஷினைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் வைத்தார்.

எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாய் உறைந்து கிடக்கிறது. தலைக்குத் தேய்க்கிற குப்பியை அந்த மாதம் நாம் எல்லாரும் அடுப்புப் பக்கத்தில் வைப்போம். மிஷினை யார் வைப்பார்கள்? வெயிலில் வைத்து உருக்கி வெளியே கொட்டிவிட்டு, பாரின் ஓரத்துப் பள்ளத்தைச் சுரண்டி, எங்கள் கடை எண்ணெயை நிரப்பிக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் மிஷினை ஓடவிட்டு நுனியைச் சிமெண்டுத் தரைக்கு நேரே காட்டினார். தரையில் எண்ணெய் ஒரு கோடாகத் தெறித்தது. அப்படித் தெறித்தால் சரியாய் ஓடுகிறது என்று அர்த்தம். தாசண்ணன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “வீட்டில இத்தன தென்ன நிக்கும்போ நான் எண்ணெய்க்குக் கடைக்குப் போனா ஊரு சிரிக்காதா?”

நட்சத்திர ஆணி

ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற அயனி மரத்தை முறிக்கப் போன அன்று, எங்கள் வீட்டுக்காரர் உச்சிக்கு முன்னாலேயே திரும்பிவிட்டார். செயினில் ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் சிதைந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து துருப்பிடித்த ஆணித் துண்டுகளை எடுத்துக் காட்டினார். கிறிஸ்துமஸ் ஸ்டார் தூக்க அடித்த ஆணிகள், மரம் வளர்ந்து உள்ளே மூடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் இருந்த செயினை நான் ராவி வைத்திருந்ததால் அன்றைக்கு வேலை நிற்கவில்லை. சிதைந்த செயினை நேராக்க எனக்குத்தான் கைவிரல் வீங்கிப்போச்சு. ஒரு பல் குட்டையானால் மற்ற எல்லாப் பல்லையும் அதற்குச் சமமாய்க் குறைக்கணும், இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கமாய்ச் சாயும்.

அந்த வீட்டம்மாவிடம், இனியும் ஆணி இருக்கிறதா என்று இவர் கேட்டாராம். அந்தம்மா மரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாராம்: “பிள்ளைங்க வருசம் ஒரு ஆணி அடிச்சாவ. வெளிநாடு போனபிறவு பிடுங்க ஒருத்தரும் வரல்ல, மரந்தான் முழுங்கி வச்சிருக்கு.”

கெட்டுக்கம்பி

முன் கைப்பிடிக்கு நேரே ஒரு தட்டு உண்டு. மிஷின் துள்ளி ஆளுக்கு நேரே வந்தால் மணிக்கட்டு அந்தத் தட்டைத் தள்ளும், செயின் சட்டென்று நின்றுவிடும். அதுதான் பிரேக். ஒரு நாள் தாசண்ணன் மிஷினைத் துடைக்கக் கொடுத்துவிட்டுப் போனார். பார்த்தால், அந்தத் தட்டைக் கம்பியால் பின்னோக்கி இழுத்துக் கெட்டிவைத்திருக்கிறார். ஏனென்று உறையைக் கழற்றியதும் புரிந்தது. ரப்பர் பாலும் மரத்தூளும் சேர்ந்து உள்ளே ஒட்டுப்பால் மாதிரி இறுகி, பிரேக் வேண்டாத நேரத்தில் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அத்தனையையும் பல் துலக்குகிற பிரஷால் தேய்த்து எடுத்தேன். கம்பியையும் வெட்டி எடுத்தேன்.

“யாரு இதை அவுத்தது?” என்று, மிஷினை எடுக்க வந்த தாசண்ணன் முற்றத்தில் சத்தம் போட்டார். எங்கள் வீட்டுக்காரர் அப்போது கடைக்குப் போயிருந்தார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே, “அண்ணே, அது இனி சும்மா பிடிக்காது. ஒருக்கா தள்ளிப் பாருங்க” என்றேன். அவர் தள்ளினார். டக்கென்று விழுந்தது. இழுத்தார், விட்டது. மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார். நான் வெட்டியது அவருக்குக் கெடுதலாய் முடிந்துவிடக் கூடாதே என்று அன்றிலிருந்து மிஷின் சத்தம் நிற்கும்போதெல்லாம் அரத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலை எட்டிப் பார்ப்பேன்.

அடுத்த வாரம் ரப்பர் தடிகளை அறுக்கும்போது, பார் நுனி பக்கத்துத் தடியில் இடித்து மிஷின் தாசண்ணன் முகத்துக்கு நேரே எகிறியிருக்கிறது. மணிக்கட்டு தட்டைத் தள்ளியது, செயின் நின்றது. நெற்றியில் பார் முட்டின வீக்கம் மட்டும். அன்று சாயங்காலம் அவர் வரவில்லை. அவருடைய வீட்டம்மா ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தார். இதுவரை எங்கள் நடை ஏறாதவர். பழத்தை மகள் கையில் கொடுத்துவிட்டு, எண்ணெய் பட்ட என் கையைப் பிடித்துக்கொண்டு இவ்வளவுதான் சொன்னார்: “அவருக்க மொகம் அப்படியே இருக்கு, மக்கா.”

பொம்பிளைக்கு இது எதற்கு என்று கேட்காமல் பிரித்துக் காட்டினாரே அந்த மார்த்தாண்டத்துக் கடைக்காரர், அவரை நான் ஜெபத்தில் நினைக்கிறேன். அந்தக் கம்பியை மறுபடியும் கெட்டாத தாசண்ணனையும்தான். அவர் இப்போது கடை எண்ணெய் ஊற்றுகிறார், மார்கழியில் மட்டும்.

கடைசிப் பல்லும் ராவியாயிற்று. தோட்டத்துப் பக்கம் சத்தம் நின்று கொஞ்சநேரமாகிறது. மொத்தத்தில் இந்தத் தொழிலில் நான் கண்டது என்னவென்றால், மரம் நேராய் விழுவதெல்லாம் மரத்தின் பாடு, நமக்கு வேண்டியது அந்தியில் அந்த ஆள் வாசலில் வந்து நின்று, இந்தா, கூப்பிடுகிறார், “ஏட்டி ஷீபா, எனக்க ரெண்டு கையிலயும் சாமானாக்கும், கதவத் தொற” என்று. ரெண்டு கையும் என்றுதானே சொன்னார், இருங்கள், இந்த அரத்தை வைத்துவிட்டு…