மிளகுப் பெட்டிமேல் தவில்

பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியலில் ஒத்ததிர்வுப் பாடம் நடத்துகிற ஆள் நான். அப்படிப்பட்ட நான் கோட்டைவிட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

மலைமேல் வாழவந்தி நாட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்னறையில் பெரிய பலாமரப் பெட்டி ஒன்று உண்டு. வீட்டுக்காரருடையது. விலை ஏறும்வரை மிளகை அதில்தான் போட்டு வைப்பார்; கொட்டவும் அள்ளவும் மேல்பலகையின் ஓரத்தில் சின்ன மூடி உண்டு. வேறு மேசை இல்லாததால் ரெக்கார்டு பிளேயரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் அதன் மேலேயே வைத்திருந்தேன். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் பாடியது.

என் மனைவியின் அப்பா தவில்காரர். அவர் காலமாகிப் பல வருடமாகிறது. அவர் வாசிப்பு ஒரே ஒரு இசைத்தட்டில்தான் இருக்கிறது. சேலத்தில் பழைய தட்டு விற்கும் ஒருவரிடம் அது கிடைத்தது. சரியாக ஓடாவிட்டால் அடுத்த சனிக்கிழமைக்குள் திருப்பித் தரலாம் என்றார்.

வைத்தோம். நாகசுரம் அருமையாக வந்தது. தவிலின் கனத்த இடப்பக்கமான இடந்தலையில் குச்சி விழுந்ததும் ஓர் உறுமல் கிளம்பி, நிற்காமல் ஏறி, அறையையே நிறைத்தது. சத்தத்தைக் குறைத்தால் அடங்கியது. கூட்டினால் மறுபடி பிடித்துக்கொண்டது. மனைவி முள்ளைத் தூக்கிவிட்டாள்.

"இது எங்கப்பா இல்லீங்க. வளைவுல ஏறுற லாரி."

முள்ளை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், கண்டதையெல்லாம் திட்டினேன். மூன்றாம் நாள், தட்டுதான் சரியில்லை என்று பெரிய மேதாவி மாதிரி தீர்ப்பும் சொன்னேன். அவள் தட்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

சனிக்கிழமை காலை, பஸ்ஸுக்குக் கிளம்புமுன் மனசு கேட்கவில்லை. தட்டை மறுபடி எடுத்து வைத்தேன். முள்ளை அதன்மேல் இறக்கினேன், இன்னும் சுழலவிடவில்லை. அப்போது வீட்டுக்காரர் உள்ளே வந்தார். பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறதென்று அவர் திறந்து பார்ப்பதே இல்லை. விரல் முட்டியால் தட்டுவார், சத்தத்தை வைத்தே அளவு சொல்லிவிடுவார். அன்றும் பழக்கதோஷத்தில் தட்டினார்.

ஸ்பீக்கர் இரண்டும் 'தும்' என்றன. தட்டு சுழலவே இல்லை.

"காலிப் பெட்டிங்க சார்," என்றார் அவர். "மொளகப் போன வாரமே, நீங்க ஊட்ல இல்லாதப்ப, காளப்பநாயக்கன்பட்டிக்கு ஏத்தி உட்டுட்டனுங்க. சாமை கொட்டலாம்னு வந்தேன்."

போன வாரம். இந்தத் தட்டு வந்த அதே வாரம். மிளகு நிறைந்திருந்தவரை கம்மென்று கிடந்த பெட்டி, காலியானதும் தானே ஒரு தவிலாகியிருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டியை அதிரவைக்க, பெட்டி முள்ளை அதிரவைக்க, முள் அதையே மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்ப, உறுமல் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டிருக்கிறது. தட்டின் மேல் எந்தத் தப்பும் இல்லை. இதை மூச்சுவிடாமல் மனைவியிடம் விளக்கினேன்.

"இதத்தான் புள்ளைங்களுக்கு நடத்துறீங்களாக்கும்?" என்றாள்.

வீட்டுக்காரரோடு ஓடி ஓடிச் சாமை மூட்டைகளைத் தூக்கினேன். பெட்டியை விளிம்புவரை நிரப்பினோம். ஸ்பீக்கர்களை மட்டும் எதிர்ச் சுவரோரம் ஸ்டூல்களுக்கு மாற்றினேன். முள்ளை இறக்கிப் பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

தட்டைச் சுழலவிட்டுச் சத்தத்தை ஏற்றினேன். இடந்தலையில் குச்சி விழுந்தது. அடி அடியாக, தெளிவாக, கனமாக வந்தது. உறுமல் இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்து கேட்டாள். கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டாள். கண்ணில் நீரும் நின்றது.

"அப்பா அன்னிக்கு நாகசுரக்காரர் மேல கோவமா இருந்திருக்காருங்க. அந்தக் குச்சி விழறதக் கேளுங்க. ஊட்ல அம்மாகூடச் சண்டைன்னாலும் இப்படித்தான் அடிப்பாரு."

எனக்குக் கோபமெல்லாம் கேட்கவில்லை, நல்ல வாசிப்பு மட்டும்தான் கேட்டது. தட்டு முடிந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"மறுக்கா வைங்க. அப்பாவும் நாகசுரக்காரரும் கடைசில சமாதானம் ஆனாங்களான்னு கேக்கோணும்."