இரண்டாயிரம் அடி உயரத்திலிருந்து ஒரு வரப்பு

விமானம் ஓட்டும் முதல் பாடத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு பக்க அறிவுரையை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார்கள். தொளதொள உடை வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், பதற்றம் இயல்பானது, மகிழ்ச்சியாக வாருங்கள். சொந்தத் தம்பியைக் கையும் களவுமாகப் பிடிக்க வருகிறவர்கள் என்ன எதிர்பார்க்கலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

பாடம் என் மகள் கொடுத்த அறுபதாம் பிறந்தநாள் பரிசு. சிங்கப்பூரில் இருக்கிறாள். முப்பது வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தி, விமானத்தின் இறக்கையைக் காற்று ஏன் தூக்குகிறது என்று கரும்பலகையில் படம் போட்ட அம்மா, ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்கட்டும் என்று உருகியிருக்கிறாள். வேறு சமயமாக இருந்தால் முட்டிவலி என்று தட்டிக்கழித்திருப்பேன். ஆனால் அந்தத் தை மாதம் எனக்கு ஒரு விமானம் தேவைப்பட்டது.

காரணம் வரப்பு. அப்பா போன பிறகு நிலத்தை எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாகப் பிரித்தார்கள். இரண்டு முனையிலும் சர்வே கல் நட்டு, நடுவே நேராக ஒரு வரப்பு போட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் நடவுக்கு முன்னால் வரப்பின் ஓரத்தை மண்வெட்டியால் சீவுவோம். அண்டை வெட்டுவது என்று பெயர். புல் போகும், எலிவளை போகும். கொஞ்சம் அழுத்திச் சீவினால் பக்கத்து வயலிலும் கொஞ்சம் வந்து சேரும். தம்பி அழுத்திச் சீவுகிறான் என்பது என் கட்சி. "வேணும்னா அளந்து பாத்துக்கக்கா" என்பது அவன் கட்சி. இதிலேயே மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

இப்போது அவன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தபோது, கொண்டுவந்தவரிடம், "மொதல்ல வரப்ப நேராக்கச் சொல்லுங்க, அப்பறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு நான் ஒரே அத்தை. பிறந்ததும் அவளைக் கையில் வாங்கியவள் நான். அவள் கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்ப்பதா இல்லையா என்பது ரெண்டடி மண்ணில் நின்றது.

சர்வேயருக்கு மனு கொடுத்தால் அடுத்த ஜமாபந்திக்குள் வந்தாலும் வருவார். செல்போன் வரைபடத்தில் வரப்பு தலைமுடி அளவுக்குத்தான் தெரிந்தது. மருந்து தெளிக்கிற ட்ரோன் வைத்திருப்பவர் தம்பியின் சகலை. தரையில் நின்று பார்த்தால் வளைவு தெரியாது என்பது என் விஞ்ஞான முடிவு. ஆகவே மகளிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

என் வயலில் வேலை பார்ப்பவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். அவரிடம் இரண்டு கல்லின் மேலும் வெள்ளை யூரியா சாக்கை விரித்து வைக்கச் சொன்னேன். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு நேர்கோடுதான் போட முடியும் என்று விளக்கினேன். "சரிங்கம்மா" என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

பயிற்சிப் பள்ளி தென்மேற்கே வறண்ட பக்கத்தில், ஒரு பழைய ஓடுபாதையில் இருந்தது. போனதும் எடை பார்த்தார்கள். நெல் மூட்டையை நிறுப்பதுபோல் எல்லார் முன்னாலும் ஏற்றி நிறுத்தி, எண்ணை உரக்கப் படித்துத் தாளில் எழுதிக்கொண்டார்கள். பிறகு என் புடவையைக் கவலையோடு பார்த்தார்கள். பதினோரு ஊக்கு குத்தியிருக்கிறேன், புயலுக்கும் அசையாது என்றேன்.

பயிற்றுநருக்கு முப்பது வயதிருக்கலாம். கடைசி பெஞ்சு முகம். விமானத்தைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார். இறக்கையிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் பெட்ரோல் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தண்ணி கலந்திருக்கான்னு பாக்கணும் மேடம்" என்றார். பால்காரரிடம் நான் தினமும் செய்கிற சோதனை. அந்த ஒரு காரியத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

உள்ளே இரண்டு பேர் தோள் இடிக்க உட்காரலாம். ஓடுபாதைக்குப் போகும் வழியில் திருப்பச் சொன்னார். கைப்பிடியைத் திருப்பினேன். விமானம் என்னைச் சட்டை செய்யாமல் புல்லை நோக்கிப் போனது. தரையில் காலால்தான் திருப்ப வேண்டுமாம். இதைப் புல்லுக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

மேலே ஏற்றியது அவர்தான். இறக்கையைக் காற்று தூக்குவதற்கான காரணங்கள் அத்தனையும் எனக்குத் தெரியும். தரை விலகிய நொடியில் ஒன்றைக்கூட நான் நம்பவில்லை. மாரியம்மனைத்தான் நம்பினேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் விமானப்படைக்காரர்கள் இருப்பதால் போக முடியாது. எங்கள் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம். அங்கே போகலாமா என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். பொட்டல் முடிந்து, கால்வாய் ஒன்று கோடாகத் தெரிந்து, அதன் பின் அறுப்புக்கு நின்ற சம்பா வயல்கள் மஞ்சளாக விரிந்தன. தொலைவில் அலையாத்திக் காடு, அதற்கப்பால் கடல். அழகுதான். ரசிக்க எனக்கு நேரமில்லை.

"இப்ப கன்ட்ரோல் உங்ககிட்ட மேடம். ரெண்டு விரல் போதும்."

பத்து விரலாலும் பிடித்தேன்.

"தூரத்துல வானமும் தரையும் சேர்ற எடத்தப் பாருங்க. கீழ பாக்காதீங்க."

நான் வந்ததே கீழே பார்க்கத்தான். எட்டிப் பார்த்தேன், விமானத்தின் மூக்கு கவிழ்ந்தது. அவர் தூக்கிவிட்டார். மறுபடி எட்டினேன், மறுபடி கவிழ்ந்தது. மூன்றாவது தடவை உண்மையைச் சொல்லிவிட்டேன். "சார், நீங்களே ஓட்டுங்க. நான் ஒரு வரப்பப் பாக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு மேடம்" என்று சொல்லி, வழி கேட்டுக்கொண்டு போய், என் வயலுக்கு மேல் விமானத்தைச் சாய்த்தார்.

இரண்டு வெள்ளைச் சாக்கும் பளிச்சென்று தெரிந்தன. மஞ்சளுக்கு நடுவே பச்சையாக வரப்பு. நேராக இல்லை, வளைந்துதான் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூசுகிறது. கல்யாணத்துக்கு முதல் நாள் இந்தப் படத்தை அவன் வாசலில் வைத்து நியாயம் கேட்பதாகவே நினைத்துக்கொண்டு, செல்போனில் மூன்று படம் எடுத்தேன். அதன் பிறகுதான் எது யார் பக்கம் என்று பார்த்தேன். நீலத் தகரம் போட்ட மோட்டார் கொட்டகை என்னுடையது. வரப்பு வயிறு தள்ளியிருந்தது கொட்டகைக்கு எதிர்ப்பக்கம், தம்பியின் வயலுக்குள்.

"இன்னொரு சுத்து சுத்துங்க சார்" என்றேன். சுற்றினார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அப்படியேதான் இருந்தது.

இறங்கியதும் என் பெயர் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்கள். "பாக்க வந்தது தெரிஞ்சுதா மேடம்?" என்றார் பயிற்றுநர். "ஒரே மேகமா இருந்துச்சு" என்றேன். வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. நாகரிகமான மனிதர், ஆமாம் என்று தலையாட்டினார்.

வயலுக்கு வந்தபோது வேலைக்காரப் பெரியவர் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். அவருக்கு அது செய்தியாகவே இல்லை.

"நீங்கதானம்மா வருஷா வருஷம் கொட்டகை நெழல்ல நின்னுகிட்டு, எலி இருக்கு, ஒட்டி வெட்டுங்க, இன்னும் ஒட்டி வெட்டுங்கம்பீங்க. வெட்டுனேன்."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"மொத வருஷமே சொன்னேங்கம்மா. எனக்குக் கணக்குத் தெரியாதுன்னுட்டீங்க."

சொல்லியிருப்பேன். என்னைப்பற்றி எனக்குத் தெரியாதா. அன்று சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுக்கா."

"ஏரோப்ளேன்ல போயி வரப்பப் பாத்தேன்."

"ஊரே சொல்லுச்சு."

"தப்பு என் பக்கந்தான். அறுப்பு முடிஞ்சதும் நேராக்கிடுறேன்."

"நான் தெனமும் வரப்புல நின்னுதான்க்கா பாக்குறேன். எனக்குக் கீழேருந்தே தெரிஞ்சுது" என்றான்.

முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"பத்திரிகைலதான் போட்டிருக்கே."

பத்திரிகையை நான் பிரிக்காமலே, கொண்டுவந்தவர் கையில் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருந்தேன். அது அவனுக்கும் தெரியும்.

"இன்னொண்ணு குடுத்து அனுப்புடா" என்றேன்.

"நீயே வந்து வாங்கிக்க" என்றான்.

எங்கள் தெருவிலேயே ஏழு வீடு தள்ளி அவன் வீடு. அந்த ஏழு வீட்டையும் கடந்து போக எனக்கு இருந்த பயம் இரண்டாயிரம் அடி உயரத்தில்கூட இருக்கவில்லை.