அரையிறுதிச் சுவர்

அந்தச் சுவர் பதினான்கு அடி உயரம். அடியில் சரிவாகத் தொடங்கி, போகப் போக நெட்டுக்குத்தாக நிமிர்ந்துவிடும். பிடித்து ஏற ஒரு கட்டை கிடையாது. உச்சியில் ஒரு சிவப்புப் பொத்தான். தொலைக்காட்சி விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில், திண்டுக்கல்லிலிருந்து போன நானும் ஆயக்குடி அக்காவும் ஜோடியாக அதன் முன்னால் நின்றோம். சொந்தமில்லை, தேர்வு முகாமில் ஒரே அறையில் தங்கியதால் எனக்கு அக்கா ஆனவர். கொய்யாத் தோப்பு வேலைக்கு நடுவே கபடி ஆடியவர். பயிற்சியில் ஓடிவந்து ஒரே தாவலில் விளிம்பைப் பிடித்துவிடுவார். எனக்கு ஒருமுறைகூட எட்டியதில்லை.

இரண்டு நிமிடத்துக்குள் பொத்தானை அமுக்க வேண்டும். ஒருவர் மட்டும் அமுக்கினால் அவர் மட்டும் இறுதிச்சுற்றுக்குப் போவார். "எந்தோள்ல ஏறிக்க கண்ணு. மேல போயிட்டுக் கை குடு, ரெண்டு பேருமே போயிரலாம்" என்றார் அக்கா. இரண்டு முறை அவர் தோளிலிருந்து வழுக்கினேன். மூன்றாம் முறை விளிம்பு கிடைத்தது. மேலே குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். என்னைச் சுமந்தே களைத்துப்போயிருந்தவர், ஓடிவந்து தாவி என் கையைப் பற்றினார். கூட்டம் ஐந்து, நான்கு என்று எண்ணத் தொடங்கியது. பொத்தான் என் இடப்பக்கம், சற்றே எட்டாத தூரத்தில். அவரைப் பிடித்துக்கொண்டு அதைத் தொட முடியாது. நான் கையைத் திருப்பி உருவிக்கொண்டேன்.

பொத்தானை அமுக்கினேன், அதன் விளக்கு எரிந்தது. கீழே அக்கா முழங்காலைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தார். மைக்கை நீட்டியவரிடம், "கை வேர்த்துப் போச்சுங்க, நாந்தான் வழுக்கிட்டேன். அந்தப் புள்ள விடவே இல்லீங்க" என்றார். கேமரா கீழே இருந்ததால் ஒளிபரப்பிலும் அப்படித்தான் தெரிந்தது. இறுதிச்சுற்றில் முதல் தடையிலேயே தோற்றேன். ஆனாலும் ஊரில் எனக்குப் பேனர் வைத்தார்கள். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். அந்தப் பெயரில்தான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலை கிடைத்தது. அக்கா அதற்குப் பிறகு கபடி ஆடவில்லை.

ஏழு வருடம் கழித்து, போன கோடையில் ஆயக்குடிக்குப் போனேன். அக்கா காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்து கொய்யாக்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நான் வேணும்னுதான் விட்டேன்க்கா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார், கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்புறம் ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"உங்கம்மா முன்வரிசைல உக்காந்திருந்தாங்க. அவங்க மூஞ்சியப் பாத்துட்டு வேற சொல்ல வாய் வல்ல."

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "எம்மக நல்லா ஓடறா. உங்க பள்ளிக்கூடத்துல சேத்துவிடறேன். அவகிட்ட மட்டும் இதச் சொல்லிராத. உன்னையத்தான் சாமியாட்டம் நெனச்சிட்டு இருக்கா" என்றார்.

இப்போது அவள் விடுதியில் தங்கி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் காலையில் எனக்கு முன்பே மைதானத்துக்கு வந்துவிடுகிறாள். போன வாரம் ஓடி முடித்து மூச்சு வாங்க வந்து நின்றவள், "அந்த வீடியோவ மறுபடியும் பாத்தேன் டீச்சர். எங்கம்மாவ எம்புட்டு நேரம் புடிச்சிருந்தீங்க! கை ரொம்ப வலிச்சுதா?" என்றாள்.

அவளுக்கு அப்படியே அக்காவின் கண்கள். "ஆமாம்மா, வலிச்சுது" என்றேன்.