பதினோராவது தெள்ளுப்பூச்சி

முத்துக்கருப்பன் பார்த்த உத்தியோகத்தைச் சொன்னால் பெண் கொடுக்கிறவன் யோசிப்பான். தெள்ளுப்பூச்சி பிடிப்பது. நல்லவேளை, கல்யாணம் முடிந்த பிறகுதான் அந்த வேலை கிடைத்தது. ஒன்பது வருஷம் பார்த்தான். அதில் பத்து நாளைப் பற்றித்தான் சாகும்வரை பேசினான்.

அது பிளேக் பரவிய வருஷம். எலி செத்து விழுந்து, ஆட்கள் காலிசெய்துவிட்டுப் போன வீட்டுக்குள் பெருச்சாளி அளவே இருக்கும் ஒரு கினிப்பன்றியை விட்டுக் கதவைச் சாத்துவான். பட்டினி கிடந்த பூச்சிகள் அதன்மேல் தொற்றிக்கொள்ளும். மறுநாள் பூச்சி ஏறாமலிருக்க முழங்கால்வரை எண்ணெய் தடவிக்கொண்டு போய், அதற்கு மயக்க மருந்து காட்டி, பீங்கான் தட்டில் வைத்துச் சீப்பால் வாரி, உதிர்ந்த பூச்சிகளை எண்ணிக் கண்ணாடிக் குழாயில் போட்டுப் பஞ்சால் அடைப்பான். உயிரோடு கொண்டுவந்தால்தான் மதுரை ஆய்வுக்கூடத்தில் டாக்டர் அனந்தநாராயணன் அவற்றைக் கூண்டு எலிமேல் விட்டு, நோய் தொற்றுகிறதா என்று பார்க்க முடியும்.

அன்று வாடிப்பட்டியில் கிடைத்தது பதினொன்று. வழியில் எங்கும் நிற்கக்கூடாது என்பது கட்டளை. பசி கேட்குமா? கோச்சடையில் தன் வீட்டுக்குள் நுழைந்து கஞ்சி குடித்தான். திரும்பிப் பார்த்தால், கழற்றிப் போட்ட சட்டையிலிருந்து குழாயை எடுத்துக் கிலுகிலுப்பை போல ஆட்டிக்கொண்டிருந்தாள் இரண்டு வயசு மகள் முத்துத்தாய். பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

ஆய்வுக்கூடத்தில் எண்ணினால் பத்து. மறுபடி எண்ணினான். பத்துதான். பஞ்சு ஓரமாக நெகிழ்ந்திருந்தது.

பதினொன்று என்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும். ஆனால் வாடிப்பட்டியில் அந்த வீட்டிலிருந்து போன இரண்டு பாடையும் கண்ணிலேயே நின்றன.

"ஐயா, ஒண்ணு கொறையுது. எம் வீட்டுல விட்டுட்டேன்யா."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "முதல்ல குழந்தையை வெளியே கொண்டுபோ. வீட்டைக் காலிபண்ணு" என்றார் இறங்கிய குரலில்.

குடும்பம் புளியமரத்தடிக் கொட்டகைக்கு வந்தது. சொந்த வீட்டுக்குள்ளேயே கினிப்பன்றியை விட்டு மறுநாள் வாரினான். ஒன்றும் உதிரவில்லை. வேறு வீடாக இருந்தால் நிம்மதியாகப் போயிருப்பான். இங்கே முடியவில்லை. பூச்சி வீட்டில் இல்லையென்றால் பிள்ளைமேல் அல்லவா ஏறியிருக்க வேண்டும்?

"எம்புட்டு நாளைக்கு இப்புடிப் பயந்து கெடக்கணும்?" என்றாள் மனைவி பாண்டியம்மாள்.

"பத்து நாளுங்குறாரு டாக்டரு. அக்குள்ள நெறி கட்டுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணுமாம்."

தினமும் விடிந்ததும் மகளின் கையைத் தூக்கி, அக்குளில் விரல் வைத்து அழுத்திப் பார்ப்பான். அவளுக்கோ கூச்சம். அப்பா விளையாடுகிறார் என்று நெளிந்து நெளிந்து சிரிப்பாள். அவள் சிரிக்கச் சிரிக்க இவனுக்கு உயிர் போய் உயிர் வரும். நான்காம் நாள் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. அன்று அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் சூடு தணிந்தது.

பத்து நாளும் கழிந்தன. பதினோராம் நாள் விடிந்தபோது அவன் தொட்டுப் பார்க்கவில்லை; அசந்துபோய்ச் சும்மா உட்கார்ந்திருந்தான். முத்துத்தாய் எதிரே வந்து நின்று, தானாகவே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். முத்துக்கருப்பன் வாய்விட்டு அழுதான்.