பிரேக் மேஸ்திரி மலை பார்த்தது

முப்பத்தெட்டு வருஷம் பஸ்ஸுக்கும் லாரிக்கும் அடியில் மல்லாந்து கிடந்தே முன்னுக்கு வந்த மனிதர் பிரேக் மேஸ்திரி. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் அவர் கை வைத்த பிரேக் ஒருநாளும் காலை வாரியதில்லை. இதை ஊரே சொல்லும்; ஊர் மறந்தால் அவரே சொல்வார். மனைவி போய்ச் சேர்ந்தாள். பட்டறை மருமகன் கைக்குப் போயிற்று. வீட்டில் சுவரோடு பேசி அலுத்துப்போய், பேச்சுத் துணைக்காகவே ஒரு மலைச் சுற்றுலா பஸ்ஸில் பதின்மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டார்.

துணை ஒரு நாள்தான் நீடித்தது. பழைய அரண்மனையில் எல்லாரும் கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்க்க, மேஸ்திரி கதவுக் கீலைத் தடவி, "நான் மாட்டியிருந்தா இப்படிக் கிரீச்சுன்னு கத்துமா?" என்றார். மலைத்தேனை ருசி பார்க்கக் கொடுத்தால், அதைவிடக் கெட்டியான கிரீஸைப் பற்றி அரைமணி நேரம். மறுநாள் காலை, பக்கத்து இருக்கை வாத்தியார், "பின்னாடி காத்து நல்லா வருதுண்ணே" என்று எழுந்து போனவர் திரும்பவில்லை. அந்த இடத்தில் மேஸ்திரியின் பைதான் உட்கார்ந்து வந்தது.

மூன்றாம் நாள் இறக்கம். நாலாவது வளைவில் அவர் மூக்கு விழித்துக்கொண்டது. பிரேக் லைனிங் தீயும் நாற்றம். சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் சிரிக்கவும் ஆள் மிஞ்சாது.

"தம்பி, ஓரங்கட்டு. பிரேக் தீயுது."

"ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்றார் பின்னாலிருந்து வாத்தியார்.

"பெரியவரே, பதினெட்டு வருஷமா இந்த மலையில ஓட்டுறேன்," என்றார் டிரைவர்.

"ரெண்டாவது கியர்னு ஒண்ணு இருக்கறது பதினெட்டு வருஷமா தெரியலையா? மிதிச்சு மிதிச்சே இறக்குறியே! நிறுத்துடா!"

பட்டறையே நடுங்கிய குரல் அது. டிரைவரின் கால் தானாக அழுத்தியது. பெடல் அடிவரை போனது; பிரேக் பிடிக்கவில்லை. பஸ் ஓரச்சுவரை உரசிக்கொண்டுதான் நின்றது. பின்சக்கரத்தில் புகை. வாத்தியார் மனைவி தண்ணீர் பாட்டிலோடு ஓடினார்.

"ஊத்தாதீங்கம்மா! இந்தச் சூட்டுல பிரேக் டிரம் வெடிச்சுடும்."

பத்து நிமிடம் அவர்தான் ராஜா. கையைப் பிடித்துக் கும்பிட்டார்கள், கூட நின்று படம் எடுத்தார்கள். பிறகு மாற்று வேன் வந்தது. பன்னிரண்டே இருக்கை.

"குடும்பமா வந்தவங்களைப் பிரிக்க முடியாதுண்ணே," என்றார் வாத்தியார், தரையைப் பார்த்தபடி. "நீங்க ஒண்டியாள்... ஒரு மணி நேரத்துல வேன் திரும்பி வந்துடும்."

"அட, ஏறுங்க வாத்தியாரே! இந்த வண்டிக்கு என்னை விட்டா யாரு?"

வேன் வளைவில் மறைந்தது. டிரைவர் முறைத்துக்கொண்டு பின்னிருக்கையில் போய்ச் சுருண்டார். மேஸ்திரி ஓரச்சுவரில் உட்கார்ந்தார். எதிரே மலைக்கு மேல் மலை. அடியில் நூல் மாதிரி ஓர் ஆறு. மூன்று நாளில் இப்போதுதான் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. யாரிடம் சொல்வது?

ஒரு கார் வந்து வேகம் குறைத்தது. "என்னாச்சுங்க வண்டிக்கு?"

மேஸ்திரி துள்ளி எழுந்தார். "அதை ஏன் கேக்குறீங்க! நாலாவது வளைவு திரும்புறோம், என் மூக்கு..."

"சரி சரி, பார்த்துக்குங்க." கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"...மூக்கு சொல்லிடுச்சு," என்று காலிச் சாலையைப் பார்த்துத் தொடர்ந்தார். எல்லாரும் சிரித்தது, டிரைவர் எகிறியது, புகை வந்தது என்று ஒன்றுவிடாமல், கையை ஆட்டி ஆட்டி, கடைசிவரை சொல்லி முடித்தார்.